சராசரி வேகக் கணக்குகள்: நேரத்தைப் பிடித்தால் விடை பிடிபடும்

ஒரு கார் போகும்போது மணிக்கு 60 கி.மீ வேகத்தில் போகிறது. அதே பாதையில் திரும்பும்போது மணிக்கு 40 கி.மீ வேகத்தில் வருகிறது. சராசரி வேகம் என்ன? கேட்டவுடன் பெரும்பாலானோர் சொல்வது 50. சரியான விடை 48. வித்தியாசம் 2 தானே என்று தள்ளிவிடக் கூடாது. அந்த 2 ஏன் குறைந்தது என்று விளங்கிவிட்டால் இந்தப் பாடத்தில் மிஞ்சுவது கூட்டலும் வகுத்தலும் மட்டும்தான். விளங்காவிட்டால் எத்தனை சூத்திரம் மனப்பாடம் செய்தாலும் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டவுடன் கை நின்றுவிடும்.

அடிப்படை இதுதான்:

சராசரி வேகம் = கடந்த மொத்தத் தொலைவு ÷ ஆன மொத்த நேரம்

புத்தகங்களில் வேறு சில சூத்திரங்களும் இருக்கும். அவை எல்லாம் இதிலிருந்து வந்தவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. நிபந்தனை பொருந்தாத இடத்தில் அவற்றைப் போட்டால் விடை தவறும். மேலே உள்ள வரி மட்டும் எந்தக் கணக்கிலும் தவறாது.

அதன் பொருளையும் ஒருமுறை யோசித்துப் பார்த்துவிடுங்கள். ஒரு பயணத்தின் சராசரி வேகம் 48 என்றால், வழி முழுக்க ஒரே சீராக 48இல் ஓட்டியிருந்தாலும் அதே நேரத்தில்தான் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். வண்டியின் வேகமானியில் 48 என்ற எண் ஒரு தடவையாவது தெரியும், ஆனால் பெரும்பாலான நேரம் அதில் வேறு எண்கள்தான் இருக்கும். அது காட்டுவது அந்தந்தக் கணத்தின் வேகம்.

வேகங்களைக் கூட்டி வகுத்தால் ஏன் தப்பாகிறது?

2009 ஆகஸ்ட் 16 அன்று பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். அந்த ஓட்டத்தை 20 மீட்டர் துண்டுகளாக அளந்திருக்கிறார்கள். ஐந்து துண்டுகளுக்கும் ஆன நேரம் முறையே 2.89, 1.75, 1.67, 1.61, 1.66 விநாடி. ஒவ்வொன்றிலும் 20ஐ அந்த நேரத்தால் வகுத்தால் துண்டுவாரியான வேகம் கிடைக்கும்: 6.92, 11.43, 11.98, 12.42, 12.05 மீ/வி.

இந்த ஐந்தையும் கூட்டி 5ஆல் வகுத்தால் 10.96 மீ/வி வருகிறது. ஆனால் 100ஐ 9.58ஆல் வகுத்தால் 10.44 மீ/வி தான். உண்மையான சராசரி இரண்டாவதுதான். 10.96இல் ஓடியிருந்தால் பந்தயம் சுமார் 9.12 விநாடியில் முடிந்திருக்கும், அப்படி யாரும் ஓடியதில்லை.

எங்கே இடறியது என்று பாருங்கள். முதல் 20 மீட்டர் மெதுவானது, அதனாலேயே அதற்கு 2.89 விநாடி பிடித்தது. மொத்த நேரத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம். வேகமான நான்காவது துண்டு 1.61 விநாடியில் முடிந்துவிட்டது. வேகங்களைச் சும்மா கூட்டி 5ஆல் வகுக்கும்போது எல்லாத் துண்டுக்கும் சமமான எடை கொடுக்கிறோம். ஆனால் ஓடியவர் மெதுவான துண்டில்தான் அதிக நேரம் இருந்தார், ஆகவே அதற்குத்தான் எடை அதிகம். சராசரி வேகத்தில் ஒவ்வொரு வேகத்துக்கும் உள்ள எடை, அந்த வேகத்தில் கழித்த நேரம். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

கார் கணக்கும் இப்போது தெளிவாகும். போகும் தூரமும் வரும் தூரமும் ஒன்று. 40இல் வரும்போது அதிக நேரம் ஆகும். எனவே சராசரி 50இல் நிற்காமல் 40 பக்கமாகச் சாய்கிறது.

கணக்கைக் கையில் எடுத்தால் செய்ய வேண்டியவை

முதலில் ஒரு கோடு போடுங்கள். பயணம் தொடங்கும் இடம் ஒரு முனை, முடியும் இடம் மறு முனை. வேகம் மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு புள்ளி வையுங்கள். வண்டி நின்ற இடத்துக்கும் ஒரு புள்ளி உண்டு, அந்த நிறுத்தமும் ஒரு துண்டுதான். அதில் தொலைவு 0, வேகம் 0, நேரம் மட்டும் ஓடுகிறது. இந்தத் துண்டை விட்டுவிடுவதால் வரும் தவறுகள் ஏராளம்.

அடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் தொலைவு, வேகம், நேரம் என்று மூன்று கட்டம் போடுங்கள். கேள்வியில் கொடுத்ததை நிரப்புங்கள். இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வரும்: தொலைவு வேண்டுமென்றால் வேகத்தை நேரத்தால் பெருக்குங்கள், நேரம் வேண்டுமென்றால் தொலைவை வேகத்தால் வகுங்கள்.

அப்புறம் தொலைவுக் கட்டங்களைத் தனியாகவும் நேரக் கட்டங்களைத் தனியாகவும் கூட்டி, முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். வேகக் கட்டங்களைக் கூட்டவே வேண்டாம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வண்டி 60 கி.மீ/மணி வேகத்தில் 30 கி.மீ போகிறது. 15 நிமிடம் நிற்கிறது. பிறகு 40 கி.மீ/மணி வேகத்தில் ஒன்றரை மணி நேரம் போகிறது.

முதல் துண்டு: தொலைவு 30 கி.மீ, வேகம் 60, நேரம் 30 ÷ 60 = 0.5 மணி.
இரண்டாவது துண்டு: தொலைவு 0, நேரம் 15 நிமிடம் = 0.25 மணி.
மூன்றாவது துண்டு: வேகம் 40, நேரம் 1.5 மணி, தொலைவு 40 × 1.5 = 60 கி.மீ.

மொத்தத் தொலைவு 90 கி.மீ. மொத்த நேரம் 2.25 மணி. 90 ÷ 2.25 = 40 கி.மீ/மணி.

நிறுத்தத்தை மறந்தவருக்கு 90 ÷ 2 = 45 வந்திருக்கும். 60ஐயும் 40ஐயும் கூட்டி வகுத்தவருக்கு 50. மூன்று பேருமே கணக்குப் போடுவதில் பிழை செய்யவில்லை. கட்டம் போட்டவர் மட்டும்தான் கேட்ட கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறார்.

விடை வந்ததும் ஒரு நொடி நின்று பாருங்கள். சராசரி வேகம் எப்போதும் மிகக் குறைந்த வேகத்துக்கும் மிக அதிக வேகத்துக்கும் இடையில்தான் இருக்க முடியும். வெளியே போயிருந்தால் எங்கோ அலகு பிசகியிருக்கிறது. அதிக நேரம் எந்த வேகத்தில் கழிந்ததோ அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அலகுகள்

வேகம் கி.மீ/மணியில் இருந்தால் நேரம் மணியில் இருக்க வேண்டும். மீ/வியில் இருந்தால் தொலைவு மீட்டரில், நேரம் விநாடியில். கலந்தால் விடை கெடும். இதில் அடிக்கடி நடக்கும் பிழை, 1 மணி 20 நிமிடத்தை 1.2 மணி என்று எழுதுவது. 20 நிமிடம் என்பது 20/60 = ஒரு மணியில் மூன்றில் ஒரு பங்கு, எனவே அது 1.33 மணி. பின்னமாக 4/3 என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, கடைசி வரை துல்லியம் கெடாது. 1.2 மணி என்பது 1 மணி 12 நிமிடம்.

மீ/வியைக் கி.மீ/மணியாக்க 18/5ஆல் பெருக்க வேண்டும், அதாவது 3.6ஆல். ஒரு மணிக்கு 3600 விநாடி, ஒரு கிலோமீட்டருக்கு 1000 மீட்டர், 3600/1000 = 18/5. எதிர்த்திசையில் மாற்ற 5/18. எதை எதால் பெருக்குவது என்று குழம்பினால், 5 மீ/வி = 18 கி.மீ/மணி என்ற ஜோடியை மட்டும் நினைவில் வைத்தால் போதும். கி.மீ/மணியில் எண் எப்போதும் பெரிதாக இருக்கும்.

பழகிப் பார்க்க ஒன்று: 2023இல் சிகாகோ மாரத்தானை கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடியில் முடித்தார். தொலைவு 42.195 கி.மீ. விநாடியாக்கினால் 7200 + 35 = 7235. 42195 ÷ 7235 = 5.83 மீ/வி. 3.6ஆல் பெருக்கினால் 21 கி.மீ/மணி. நேரத்தை 2.35 மணி என்று எழுதியவருக்குச் சுமார் 18 வரும். ஒரு புள்ளி வைத்த இடம் தவறியதில் ஒரு பெரிய ஓட்டக்காரர் 3 கி.மீ/மணி மெதுவாகிவிடுகிறார்.

தொலைவே கொடுக்காத கணக்கு

தொடக்கத்தில் பார்த்த கார் கணக்கில் தொலைவு இல்லை. பலர் இங்கேதான் தயங்குவார்கள். தயங்க வேண்டாம், விடை தொலைவைப் பொறுத்தது இல்லை. வசதியான ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 60க்கும் 40க்கும் பொதுவான மடங்கு 120. ஒருவழி 120 கி.மீ என்றால் போக 2 மணி, வர 3 மணி. மொத்தம் 240 கி.மீ, 5 மணி, விடை 48.

எந்த எண்ணை எடுத்தாலும் இதே விடைதான் வருமா என்று சந்தேகம் வந்தால் அது நல்ல சந்தேகம். ஒருவழித் தொலைவை 'தொ' என்று வையுங்கள். போக தொ/60, வர தொ/40. கூட்டினால் 5தொ/120, அதாவது தொ/24. மொத்தத் தொலைவு 2தொ. இதை தொ/24ஆல் வகுத்தால் 'தொ' அடிபட்டு 48 மட்டும் நிற்கும்.

இதே வழியில் போனால் பொதுச் சூத்திரமும் கிடைக்கும். சம தொலைவுகளை வே1, வே2 என்ற வேகங்களில் கடந்தால், சராசரி வேகம் = 2 × வே1 × வே2 ÷ (வே1 + வே2). கணிதத்தில் இதற்கு இசைச் சராசரி என்று பெயர். இதன் நிபந்தனையை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: தொலைவுகள் சமமாக இருக்க வேண்டும், துண்டுகள் இரண்டு மட்டும் இருக்க வேண்டும். மூன்று சம தொலைவுகள் என்றால், மூன்று வேகங்களின் தலைகீழிகளையும் (1ஐ வேகத்தால் வகுத்தால் வருவது) கூட்டி, 3ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்.

துண்டுகளின் நேரம் சமமாக இருந்தால்? அப்போது எடையும் சமம், எனவே சும்மா கூட்டி வகுக்கலாம். 2 மணி நேரம் 60இலும் 2 மணி நேரம் 40இலும் போனால் சராசரி 50தான். ஆகவே கேள்வியில் 'பாதி தூரம்' என்று இருக்கிறதா, 'பாதி நேரம்' என்று இருக்கிறதா என்பதை இரண்டு தடவை படியுங்கள்.

இரண்டும் ஒரே கேள்வியில் கலந்து வருவதும் உண்டு. பயணத்தின் பாதி தூரம் 30 கி.மீ/மணி. மீதித் தூரத்துக்கு ஆன நேரத்தில் பாதி 50 கி.மீ/மணி, மறுபாதி 40 கி.மீ/மணி. பார்த்தால் மிரட்டும், ஆனால் உள்ளிருந்து வெளியே வாருங்கள். மீதித் தூரத்தில் நேரங்கள் சமம், எனவே அதன் சராசரி 45. இப்போது கணக்கு 'பாதி தூரம் 30, பாதி தூரம் 45' என்று சுருங்கிவிட்டது. மொத்தம் 180 கி.மீ என்று எடுத்தால் முதல் 90க்கு 3 மணி, அடுத்த 90க்கு 2 மணி. 180 ÷ 5 = 36 கி.மீ/மணி.

ஆற்றுப் படகுக் கணக்கும் இதே குடும்பம்தான். அசையாத நீரில் 10 கி.மீ/மணி போகும் படகு, 2 கி.மீ/மணி ஓடும் ஆற்றில் ஓட்டத்தோடு 12இலும் எதிர்த்து 8இலும் போகும். போய்த் திரும்பினால் சராசரி 2 × 12 × 8 ÷ 20 = 9.6. ஓட்டம் ஒரு பக்கம் கொடுத்த உதவி, மறுபக்கம் எடுத்துக்கொண்டதை ஈடுசெய்யவில்லை. எதிர்த்துப் போகும்போது செலவாகும் நேரம் அதிகம்.

பின்னாலிருந்து வரும் கணக்கு

எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. சராசரியைக் கொடுத்து ஒரு துண்டின் வேகத்தைக் கேட்பார்கள்.

ஒருவர் சைக்கிளில் 30 கி.மீ மேட்டில் 15 கி.மீ/மணி வேகத்தில் ஏறுகிறார். அதே 30 கி.மீ இறங்க வேண்டும். மொத்தப் பயணத்தின் சராசரி 20 ஆக வேண்டுமென்றால் இறங்கும் வேகம் என்ன?

இங்கே சூத்திரத்தைத் தேடாமல் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். 60 கி.மீயை 20இல் கடக்க 3 மணி ஆகும். ஏற்றத்திலேயே 30 ÷ 15 = 2 மணி போய்விட்டது. மிச்சம் 1 மணி. அதில் 30 கி.மீ இறங்க வேண்டும், எனவே 30 கி.மீ/மணி.

சராசரி 24 வேண்டுமென்றால்? மொத்த நேரம் 2.5 மணி, மிச்சம் அரை மணி, வேகம் 60 கி.மீ/மணி. சராசரியை 4 உயர்த்த இறங்கும் வேகம் இரட்டிப்பானதைக் கவனியுங்கள்.

சராசரி 30 வேண்டுமென்றால்? மொத்த நேரம் 2 மணி. அந்த 2 மணியும் ஏறுவதிலேயே தீர்ந்துவிட்டது. இறங்குவதற்கு ஒரு விநாடிகூட இல்லை. எந்த வேகத்தில் இறங்கினாலும் 30ஐத் தொட முடியாது. '15க்கும் 45க்கும் சராசரி 30' என்று கை தானாக எழுதப் போகும், விடாதீர்கள். உளவியலாளர் மாக்ஸ் வெர்த்தைமர் இந்த மாதிரி ஒரு கணக்கை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். போட்டுப் பார்த்த பிறகுதான் இறங்க நேரமே மிச்சமில்லை என்பதைக் கவனித்தேன் என்று அவர் பதில் எழுதியிருக்கிறார். எனவே முதல் பார்வையில் ஏமாந்தால் வருத்தப்பட வேண்டியதில்லை, நேரத்தை எழுதிப் பார்க்காமல் விடக் கூடாது, அவ்வளவுதான்.

வேகம் சீராகக் கூடும்போது

இதுவரை ஒவ்வொரு துண்டிலும் வேகம் மாறாமல் இருந்தது. சீரான முடுக்கம் என்றால் வேகம் கணத்துக்குக் கணம் ஒரே அளவில் மாறும். அப்போது அந்தத் துண்டின் சராசரி வேகம், தொடக்க வேகத்தையும் இறுதி வேகத்தையும் கூட்டி 2ஆல் வகுத்தது. இங்கே மட்டும் ஏன் கூட்டி வகுக்கலாம்? வேகம் ஒரே சீராக ஏறுவதால் ஒவ்வொரு வேகத்திலும் சமமான நேரம் கழிகிறது, எடை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் 14ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டுசொல்லிவிட்டார்கள். அதே நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஒரெம் படம் வரைந்து நிறுவினார்.

அந்தப் படத்தின் இன்றைய வடிவம்தான் வேக-நேர வரைபடம். கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு, கடந்த தொலைவு. ஒரு ரயில் ஓய்வு நிலையிலிருந்து கிளம்பி 10 விநாடியில் 20 மீ/வியை எட்டுகிறது, 20 விநாடி அதே வேகத்தில் ஓடுகிறது, பிறகு 10 விநாடியில் சீராக நிற்கிறது என்று வைப்போம். வரைந்தால் இரண்டு முக்கோணமும் நடுவில் ஒரு செவ்வகமும் வரும். பரப்புகள் 100, 400, 100. மொத்தம் 600 மீ, நேரம் 40 விநாடி, சராசரி 15 மீ/வி, அதாவது 54 கி.மீ/மணி.

இங்கே தொடக்கம் 0, முடிவும் 0, எனவே சராசரி 0 என்று யாராவது எழுதினால், அவர் துண்டுக்கான சூத்திரத்தை முழுப் பயணத்துக்குப் போட்டிருக்கிறார். முடுக்கம் மாறும் இடத்திலெல்லாம் துண்டு போடுங்கள்.

சராசரி வேகம் வேறு, சராசரி திசைவேகம் வேறு

திசைவேகம் என்றால் தொலைவுக்குப் பதில் இடப்பெயர்ச்சி வரும். கிளம்பிய இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு நேர்க்கோட்டில், திசையோடு எவ்வளவு என்பதுதான் இடப்பெயர்ச்சி. 400 மீ சுற்றளவுள்ள வட்டப் பாதையை 50 விநாடியில் ஒரே சீராகச் சுற்றுபவரின் சராசரி வேகம் 8 மீ/வி. ஒரு சுற்று முடிந்ததும் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார், எனவே சராசரி திசைவேகம் 0. பாதிச் சுற்றுக்குக் கேட்டால்? நேரம் 25 விநாடி, ஓடியது 200 மீ, வேகம் அதே 8. இடப்பெயர்ச்சி மட்டும் வட்டத்தின் விட்டம்: 400 ÷ 3.1416 = 127.3 மீ. 25ஆல் வகுத்தால் சுமார் 5.1 மீ/வி.

பூமியும் இப்படித்தான். ஓர் ஆண்டில் சூரியனைச் சுற்றிச் சுமார் 94 கோடி கி.மீ ஓடுகிறது, சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 29.8 கி.மீ. சூரியனிலிருந்து பார்த்தால், சுற்று முடியும்போது சராசரி திசைவேகம் 0.

சாலையில் இதே கணக்கு

பல நாடுகளில் சாலையின் இரு முனைகளிலும் கேமரா வைத்து, ஒவ்வொரு வண்டியும் நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் குறித்துக்கொள்கிறார்கள். இடைப்பட்ட தூரம் 12 கி.மீ, வேக வரம்பு 80 என்றால், வரம்புக்குள் வருபவருக்குக் குறைந்தது 9 நிமிடம் ஆக வேண்டும். ஒரு வண்டி 7.5 நிமிடத்தில் வந்துவிட்டால் அதன் சராசரி 12 ÷ 0.125 = 96 கி.மீ/மணி. நடுவில் யாரும் பார்க்காவிட்டாலும், வழியில் ஒரு கணமாவது அது 96இல் ஓடியே ஆகியிருக்க வேண்டும், ஏனென்றால் வழி முழுக்க 96க்குக் கீழேயே ஓடிய வண்டிக்கு 96 சராசரி வராது. கேமராவைக் கண்டதும் பிரேக் போட்டுத் தப்பிக்கும் வழி இங்கே இல்லை.

நீங்களே போட்டுப் பார்க்க

தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு 30 கி.மீ/மணி, மீதி 60 கி.மீ/மணி. மொத்தம் 180 கி.மீ என்று வைத்தால் இரண்டு துண்டுக்கும் 2 மணி ஆகும், விடை 45. இது 30க்கும் 60க்கும் சாதாரணச் சராசரியாக அமைந்ததற்குக் காரணம், நேரங்கள் தற்செயலாகச் சமமானதுதான். பங்கை நான்கில் ஒன்றாக மாற்றினால் 48 வரும், போட்டுச் சரிபாருங்கள்.

இன்னொன்று, தேர்வுகளில் அடிக்கடி வருவது: நிறுத்தங்களைச் சேர்க்காவிட்டால் ஒரு பேருந்தின் சராசரி 54 கி.மீ/மணி, சேர்த்தால் 45. ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் நிற்கிறது? ஒரு மணி நேரத்தில் அது கடந்த தூரம் 45 கி.மீ. ஓடும் வேகமான 54இல் அந்த 45 கி.மீயைக் கடக்க 45/54 மணி, அதாவது 50 நிமிடம் போதும். மீதி 10 நிமிடம் நின்றிருக்கிறது.